இரண்டாவது விமான நிலையத்தில் ஒரு மாலை

விமான நிலையமொன்றில் பயணிகளின் பெட்டிகளை ஏற்றி இறக்கும் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்ற ஞா. தேவசகாயம் சொல்ல, 2017ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் கேட்ட கதை இது. எந்த நகரம் என்று அவர் சொல்லவில்லை. பிற கதைசொல்லிகள் அவரவர் நகரத்தின் பெயரைச் சொல்கின்றனர். ஆதலால் இங்கும் பெயர் விடப்பட்டுள்ளது.

தெற்கே, மலையடிவாரத்து மடம் ஒன்றில் அம்மை ஒருவர் இருந்தார். நாற்பது வயது நிரம்பாதவர். அவரிடம் சீடராக வந்து அமர்ந்த வயிரவனுக்கோ அறுபது கடந்திருந்தது. சிறிய விமான நிறுவனம் ஒன்றின் உரிமையாளர் அவர். நரைத்த தலை இளையவர் முன் வணங்குவதைக் கண்டு சிலர் சிரித்தனர். வயிரவன் அதைப் பொருட்படுத்தவில்லை. அம்மை மட்டும் விளையாட்டாக அவரை 'முதலாளி' என்றே அழைத்துவந்தார்.

ஒருநாள் வயிரவன் கேட்டார்:

"அம்மா, இங்கேருந்து நகரத்துக்கு மத்தியானம் ரெண்டு விமானம் விடறோம். ஒண்ணு பழைய நிலையத்துக்கு, ஒண்ணு ஊருக்கு வெளியே இருக்கிற ரெண்டாவது நிலையத்துக்கு. பழசுல ஒரே நெரிசல், இனிமே இடம் கிடைக்காது. ரெண்டாவது காத்து வாங்குது. அங்க இன்னும் மூணு விமானம் விடலாம்னு எல்லாரும் நெருக்கறாங்க. வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடணும். போடலாமா?"

"ஊருக்கு வெளியேன்னா, எவ்வளவு தூரம்?"

"கார்ல ரெண்டு மணி நேரம். கொஞ்சம் கூடக் குறைய."

"டிக்கெட்ல எந்த ஊர் பேர் போடறீங்க?"

"நகரத்தோட பேர்தான். நிலையத்தோட பேரைக் கீழே சின்னதாப் போடுவோம். அதைப் பெரிசாப் போட்டா எவன் வாங்குவான்?"

வயிரவன் சிரித்தார். அம்மை சிரிக்கவில்லை.

"வியாழக்கிழமை எனக்கு நகரத்துல வேலை இருக்கு, முதலாளி. உங்க விமானத்துலயே வரேன். மத்தியானம் விமான நிலையத்துக்கு வந்துடுங்க. அங்க பதில் சொல்றேன்."

"ஆள் அனுப்பமாட்டேன்மா. நானே வந்து நிக்கிறேன்."

சொன்னபடியே நின்றார். விமானம் இறங்குவதற்கு வெகுநேரம் முன்பே, கையில் ஒரு ரோஜா மாலையுடன் வாசலில் நின்றார். பக்கத்தில் பச்சைச் சட்டைக்காரர் ஒருவர் தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தார்.

"வாசல்லதான்க்கா நிக்கிறேன்! பச்சைச் சட்டை, கையில ஹெல்மெட். தெரியலையா? நீங்களும் வாசல்லதானே நிக்கிறீங்க?"

வயிரவன் அவர் தோளைத் தட்டினார். "பதறாதீங்க தம்பி. என் விமானம்தான். யாரையும் வழியில இறக்கிவிட மாட்டோம்."

தெற்கிலிருந்து வந்த பயணிகள் எல்லாரும் வெளியே வந்து கலைந்துபோயினர். அம்மை வரவில்லை. பிறகு, தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு வந்தது.

"முதலாளி, விமான நிலையத்துல இருக்கேன். நீங்க எங்க?"

"நானும் விமான நிலையத்துலதான்மா இருக்கேன்."

"அப்படியா," என்றார் அம்மை.

அந்த ஒரு சொல்லில் வயிரவனுக்கு விளங்கிவிட்டது. எந்த நிலையம் என்று அன்று மடத்தில் அவர் கேட்கவே இல்லை. கேட்கத் தோன்றவும் இல்லை.

அவர் கார் இரண்டாவது நிலையத்தை அடைந்தபோது வெயில் மேற்கே திரும்பியிருந்தது. கண்ணாடிச் சுவர்களுடன் அழகாகக் கட்டப்பட்ட கூடம். வரிசை வரிசையாக வெறும் நாற்காலிகள். அவற்றில் ஒன்றில் அம்மை அமர்ந்திருந்தார். பக்கத்தில் துணிப்பையை மடியில் அணைத்தபடி நடுவயதுப் பெண் ஒருத்தி. அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது.

"இவங்க தவமணி. விமானத்துல என் பக்கத்துல உக்காந்து வந்தாங்க. இவங்க போன்லதான் உங்களைக் கூப்பிட்டேன். இவங்கம்மா காலையில தவறிட்டாங்க."

வந்தவர் யாரென்று தவமணிக்குத் தெரியாது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்ததால் சொன்னாள்:

"அவசரத்துல எடுத்த டிக்கெட்டுங்க. ஊர் பேர் போட்டிருந்துச்சு, எடுத்துட்டேன். தம்பியோட சிநேகிதர் பைக் கொண்டாந்து வாசல்ல நிக்கிறேன்னார். நானும் வாசல்ல நிக்கிறேன்னேன். ரெண்டு பேரும் தேடித் தேடி, கடைசியிலதான் அது வேற வாசல், இது வேற வாசல்னு புரிஞ்சுது. அதுக்குள்ள கூட வந்தவங்க எல்லாரும் போயிட்டாங்க. வாடகைக்கு ஒரு வண்டி இல்லை."

பச்சைச் சட்டை வயிரவனின் கண்முன் வந்து நின்றது.

"பஸ் நிக்குதேம்மா?"

"நிக்குது. எப்ப எடுப்பீங்கன்னு கேட்டேன். ஆள் சேர்ந்தா எடுப்போம்னுட்டார்."

அவள் கையில் தொலைபேசி அடித்தது. எழுந்து நின்று பேசினாள்.

"எப்படா எடுப்பீங்க? ... பொழுது சாயறதுக்குள்ளயா? ... கொள்ளி வைக்க நீ இருக்கே, எனக்காக யாரும் நிறுத்தமாட்டாங்க, தெரியும்டா. இருந்தாலும் பெரியவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிப் பாரு. ஒரு தடவை முகத்தைப் பார்த்துக்கறேண்டா."

வயிரவன் தலை குனிந்து நின்றார். கையில் மாலை இருப்பதே அவருக்கு நினைவில்லை. அம்மை எழுந்துவந்து அதை வாங்கித் தவமணியின் கைகளில் வைத்தார்.

"உங்கம்மாவுக்குப் போடுங்க. வாசல்ல முதலாளியோட வண்டி நிக்குது. அதுல போங்க."

வயிரவன் ஓடிப்போய்க் காரின் கதவைத் திறந்துவிட்டார். கார் புழுதி கிளப்பிக்கொண்டு போனது.

பிறகு இருவரும் பேருந்தில் ஏறி அமர்ந்தனர். நடத்துநர் திரும்பிப் பார்த்தார்.

"அடேயப்பா, ரெண்டு பேராச்சா! இன்னைக்கு நம்ம வண்டிக்குத் திருவிழாதான். உக்காருங்க. சாயங்காலம் துப்புரவு வேலைக்காரங்க வருவாங்க, அவங்க வந்ததும் கிளம்பிடலாம்."

காத்திருந்தனர். பேருந்தின் நிழல் நீண்டு ஓடுபாதையின் வேலியைத் தொட்டது. வயிரவனால் இருப்புக்கொள்ள முடியவில்லை. சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "எப்பப்பா எடுப்…" என்றவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"என்ன சார்?"

"ஒண்ணுமில்லப்பா."

பொழுது சாயும் வேளையில் அவருடைய ஓட்டுநர் தொலைபேசியில் அழைத்தார்.

"ஐயா, தெருமுனைக்கு வந்துட்டோம்யா. எடுத்துட்டாங்க போலிருக்கு, மேளச் சத்தம் நகருது. கூட்டத்துல வண்டி உள்ள போகலை. அந்தம்மா இறங்கி மாலையோட ஓடறாங்க."

வயிரவன் தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, பிடித்துக்கொள்ள ஏதேனும் கிடைக்காதா என்று தேடுகிறவரின் குரலில் சொன்னார்:

"அம்மா, விமானம் சரியான நேரத்துக்குத்தான் இறங்கியிருக்கு. கொஞ்சம் முன்னாடியேகூட இறங்கிடுச்சு."

அம்மை அவரைப் பார்த்தார்.

"நீங்களும் முன்னாடியேதான் வந்துட்டீங்க, முதலாளி. கையில மாலையோட."

பேருந்து நின்றுகொண்டே இருந்தது.

தேவசகாயம் சொன்ன கதைப்பாடம் இவ்விடத்தில் முடிகிறது. வெள்ளிக்கிழமை வயிரவன் கையெழுத்துப் போட்டாரா என்ற செய்தி அதில் இல்லை. வாடகைக் கார் ஓட்டுநர்களிடையே வழங்கும் பாடத்தில் அவர் மூன்று விமானங்களையும் விடுகிறார். ஆனால், ஆள் சேரக் காத்திராமல் எடுக்கும் பேருந்துகளை ஓடவிட்ட பிறகே விடுகிறார். அவர்கள் பாடத்தில் கார் தெருவுக்குள்ளும் போய்விடுகிறது. சுமந்து போகிறவர்கள் பாடையை இறக்கிவைக்கிறார்கள், தவமணி முகம் பார்த்துவிடுகிறாள். இதைத் தேவசகாயத்திடம் தெரிவித்தபோது, "இருக்கட்டுங்க, நல்லதுதானே," என்றார். பிறகு கார் தெருமுனையில் நின்ற இடத்திலிருந்து மறுபடியும் சொல்லத் தொடங்கினார். தவமணி மாலையோடு ஓடிக்கொண்டிருந்தாள்.