கல்லாத்துச் சாமியின் தோள்பட்டை

"சாமி, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?" என்றார் வைரவன்.

"கேளுங்கய்யா."

"உடம்பு நானில்லைன்னு எங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுத்தீங்க. அப்புறம் எதுக்கு இந்த உடம்பைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலையுறீங்க?"

பேருந்து திருநெல்வேலிக்குப் போய்க்கொண்டிருந்தது. சாமி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஒரு துண்டைச் சுருட்டி இடது முதுகுக்கும் இருக்கைக்கும் நடுவே வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். பேருந்து ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவர் முகம் வெளுத்துப் போனது.

"இந்த இடத்துல ரோட்டை நல்லாப் போட்டிருக்கலாம்," என்றார்.

வைரவனின் கேள்விக்கு அவ்வளவுதான் பதில்.

கல்லாத்துச் சாமிக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்காது. தென்காசிக்கு மேற்கே, மலையடிவாரத்தில், கல்லாறு என்கிற ஓடையின் கரையில் சின்ன ஆசிரமம். அதனால் அந்தப் பெயர். வைரவன் அவரைவிட மிகவும் மூத்தவர். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்று, மனைவி போன பிறகு அங்கே வந்து தங்கிவிட்டவர். சாமி அவரை அய்யா என்றுதான் கூப்பிடுவார். யார் குரு, யார் சீடர் என்று புதிதாக வருகிறவர்கள் குழம்புவார்கள்.

ஒரு கோடையில் ஆசிரமத்துக் கிணற்றில் தூர் எடுத்தார்கள். கயிற்றில் பலகை கட்டி அதில் உட்கார்ந்து இறங்கியவர் வைரவன். மேலே கயிற்றைப் பிடித்தவர்களில் முன்னால் நின்றவர் சாமி. வைரவன் பாதிக் கிணறு இறங்கியிருப்பார், கப்பியின் அச்சு முறிந்தது. கயிறு சாட்டை மாதிரி துள்ளியது. பின்னால் நின்றவர்கள் பதறிக் கையை விட்டார்கள்.

சாமி விடவில்லை.

கயிறு அவரைக் கிணற்றுச் சுவர் வரை இழுத்துக்கொண்டு போனது. இரண்டு கையும் நீண்டு, நெஞ்சு சுவரில் மோதி, ஒரு முழு மனிதனின் பாரம் அந்தக் கைகளில் தொங்கியது. முதுகுக்குள் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. மற்றவர்கள் ஓடி வந்து கயிற்றைப் பிடிக்கும்வரை அவர் அப்படியே நின்றார்.

வைரவன் மேலே வந்துவிட்டார். உடம்பில் ஒரு கீறல் இல்லை.

அன்றிலிருந்து சாமியால் இடது கையை முன்னால் நீட்ட முடியவில்லை. ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினால்கூட, தோள்பட்டை எலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவே யாரோ கத்தியை வைத்துத் திருகுவது போல இருந்தது. படுக்க முடியாது. தூணில் சாய்ந்தபடியே தூங்கினார்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு நன்றாக இருந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். அதிலும் ஒன்றும் இல்லை. ஒரு டாக்டர் கழுத்தில் கோளாறு என்றார். இன்னொருவர் தசைப்பிடிப்பு என்று தைலம் கொடுத்தார். மூன்றாமவர் படங்களைப் பார்த்துவிட்டு, "சாமிக்கு மனசுல ஏதாவது கவலை இருக்கா?" என்று கேட்டார்.

ஆசிரமத்தில் திருமலையாண்டி என்று ஒரு சீடர் இருந்தார். சாமியின் பேச்சை வரி பிசகாமல் திருப்பிச் சொல்லக்கூடியவர். அவர் எல்லோரிடமும், "வைரவன் கர்மாவை சாமி வாங்கிக்கிட்டாரு," என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்ட வைரவன் சாப்பாட்டை நிறுத்திவிட்டார்.

சாமி தானே தட்டை எடுத்துக்கொண்டு அவரிடம் வந்தார்.

"கப்பி துருப்பிடிச்சுக் கெடந்துது அய்யா. அதான் கர்மா. புதுக் கப்பி வாங்கி மாட்டியாச்சு. சாப்பிடுங்க."

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. தூணில் இடது முதுகை அழுத்திக்கொண்டே சாமி சத்சங்கத்தில் பேசுவார். ஒரு நாள் பேச்சு முடிந்து பார்த்தால், வந்தவர்களில் பாதிப் பேர் இடது முதுகைத் தூணிலும் சுவரிலும் அழுத்திக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். அது ஏதோ ரகசிய ஆசனம் என்று திருமலையாண்டி சொல்லிவிட்டிருந்தார்.

சாமி சிரித்த சிரிப்பில் வலி தாங்காமல் கண்ணீர் வந்துவிட்டது.

மறுநாள்தான் இந்தப் பேருந்துப் பயணம்.

டாக்டர் ஜெபசெல்வி, மூட்டும் தசையும் பார்க்கிறவர். கொண்டுபோன படங்களை வாங்கி மேசையின் ஓரத்தில் வைத்தார். பிரித்துப் பார்க்கவில்லை.

"முதல்ல முதுகைக் காட்டுங்க."

சாமி மேல்துண்டை எடுத்தார்.

"ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்க. நீட்டிக்கிட்டே இருங்க."

வலது கை அசையாமல் நின்றது. இடது கை நடுங்கியது. டாக்டர் பின்னால் போய், தோள்பட்டை எலும்பின் உள் ஓரத்தில் ஒற்றை விரலை வைத்து மெதுவாகக் கீழே இறக்கினார். பாதி வழியில் விரல் நின்றது.

"இங்கேயா?"

"அங்கதான்!" சாமி கத்தினார். "அங்கயேதான் தாயி! இத்தனை நாளா எல்லாரும் தெருவுலயே நின்னு விசாரிச்சுட்டுப் போனாங்க. நீங்கதான் வீட்டுக்குள்ள வந்திருக்கீங்க!"

வலியில் கத்துகிறாரா, சந்தோஷத்தில் கத்துகிறாரா என்று வைரவனுக்குப் புரியவில்லை.

"பெரியவரே, இங்க வாங்க," என்றார் டாக்டர். "விரலைக் குடுங்க. இது நல்லா இருக்கிற பக்கம். எலும்போரத்துல சதை கெட்டியா இருக்கா? இப்ப இந்தப் பக்கம் தொடுங்க."

வைரவன் தொட்டார். விரல் ஒரு பள்ளத்துக்குள் இறங்கியது. அவர் கையை எடுக்கவில்லை. தன்னுடைய பாரம் முழுவதும் அந்த இடத்தில்தான் தொங்கியிருக்கிறது. கிணற்றின் இருட்டும், தலைக்கு மேல் தெரிந்த வட்ட வானமும் ஒரு நொடி வந்து போயின.

"எலும்பைப் பிடிச்சிருந்த சதை பிஞ்சு விலகியிருக்கு," என்றார் டாக்டர். அவர் குரலிலும் பரபரப்பு ஏறியிருந்தது. "ரொம்ப அபூர்வம். நான் இதுக்கு முன்னால ஒரே ஒருத்தருக்குத்தான் பாத்திருக்கேன். படுக்க வச்சு எடுக்கிற ஸ்கேன்ல இது தப்பிச்சுடும். இருங்க, இப்ப ஒண்ணு பாக்கலாம்."

உள்ளங்கையை விரித்து சாமியின் தோள்பட்டை எலும்பை முதுகெலும்பை நோக்கித் தள்ளிப் பிடித்தார்.

"இப்பத் தூக்குங்க."

சாமி கையைத் தூக்கினார். நெஞ்சு வரை வந்தது. தோள் வரை வந்தது. அதற்கு மேலும் போனது.

"அய்யா! போகுது! மேல போகுது! பாருங்கய்யா!"

சத்தம் கேட்டு வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். மேலாடை இல்லாத ஒரு சாமியார் ஒற்றைக் கையைக் கூரையை நோக்கித் தூக்கிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு டாக்டரம்மா அவரைத் தாங்கிப் பிடித்தபடி, "ஜூனியர்ஸைக் கூப்பிடுங்க, எல்லாரும் வந்து பாக்கட்டும்!" என்று நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கையை இறக்கியதும் வலி திரும்ப வந்தது. டாக்டர் உட்கார்ந்து நிதானமாகப் பேசினார். ஆபரேஷன் செய்ய வேண்டும். எலும்பின் ஓரத்தில் சின்னச் சின்னத் துளை போட்டு, சதையைத் திரும்ப அதில் தைக்க வேண்டும். கோயம்புத்தூரில் அவருடைய சீனியர் ஒருவர் இருக்கிறார். கையைப் பல வாரம் கட்டிப் போட வேண்டும். அதற்கப்புறம் நீண்ட பயிற்சி.

"வலி முழுசாப் போயிடும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன் சாமி."

"நீங்க பொய் சொல்லாம இருக்கீங்களே, அதுவே போதும்."

வெளியே வந்ததும் டீக்கடைக்குப் போனார்கள். டீ ஆற்றிக்கொண்டிருந்தவரிடம் சாமி தானாகவே பேச்சுக் கொடுத்தார்.

"அண்ணாச்சி, என் முதுகுல சதை பிஞ்சு போயிருக்காம்!"

"அட ஆண்டவா!" கடைக்காரர் டீயை ஆற்றாமல் நின்றுவிட்டார்.

"பதறாதீங்க. நல்ல சேதிதான்!"

வைரவன் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"இதுல என்ன சாமி சந்தோஷம்? வலி அப்படியேதானே இருக்கு. இனிமேத்தான் கத்தியே வைக்கப் போறாங்க."

"வலிக்குதுன்னு சொன்னேன் அய்யா. ஆமான்னு ஒருத்தங்க சொல்லிட்டாங்க."

அவ்வளவு சொல்லிவிட்டு இன்னொரு டீ வாங்கிக் குடித்தார்.

ஆபரேஷனுக்கு ஆசிரமத்தில் எதிர்ப்பு இருந்தது. ஞானியின் முதுகில் கத்தி படலாமா என்று திருமலையாண்டி கலங்கினார். சாமி அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, தன் முதுகுப் பள்ளத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். திருமலையாண்டி தொட மறுத்துவிட்டார்.

வைரவன்தான் கோயம்புத்தூருக்குக் கூடப் போனார். மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்ததும் சாமி கேட்ட முதல் கேள்வி, "பிஞ்சுதான் இருந்துச்சா?"

"கயிறு பிரிபிரியாப் போன மாதிரி இருந்துச்சு," என்றார் ஆபரேஷன் செய்த டாக்டர். "எல்லாத்தையும் பிடிச்சு இழுத்து எலும்போட தைச்சாச்சு."

"கேட்டீங்களா அய்யா? பிரிபிரியா!" என்று சொல்லிவிட்டு சாமி மறுபடி தூங்கிப் போனார்.

பிறகு வந்த மாதங்கள் சுலபமாக இல்லை. கையை உடம்போடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். வைரவன் ஊட்டிவிட்டார், குளிப்பாட்டிவிட்டார், வேட்டி கட்டிவிட்டார். கட்டை அவிழ்த்த பிறகு, சுவரில் விரல்களை வைத்து நண்டு மாதிரி மேலே ஏற்றுகிற பயிற்சி. ஒவ்வொரு நாளும் விரல் எட்டிய இடத்தில் சாமி கரியால் ஒரு கோடு போடுவார். கோடு நேற்றையதைவிட மேலே போனால் ஆசிரமம் முழுவதும் கேட்கக் கூவுவார். கீழே இறங்கிவிட்ட நாட்களில், ஒரு மூலையில் போய் உட்கார்ந்து யாரிடமும் பேசமாட்டார். அப்படிப்பட்ட நாட்களும் நிறைய இருந்தன.

ஒரு காலையில் வைரவன் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வேர்வையோடு வந்தார். சாமி ஒரு செம்பு நிறையத் தண்ணீரை எடுத்து அவரிடம் நீட்டினார். இடது கையால், முழுதாக நீட்டி.

வைரவன் வாங்கவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சீக்கிரம் வாங்குங்கய்யா," என்றார் சாமி. "இன்னும் கொஞ்சம் வலிக்கத்தான் செய்யுது."

மழை விட்டிருந்த ஒரு நாள், செண்பகவடிவு என்கிற பெண் ஆசிரமத்துக்கு வந்தாள். பீடி சுற்றுகிறவள். இடுப்பில் வலி, குனிந்தால் நிமிர முடியவில்லை. வேலைக்குப் பயந்து நடிக்கிறாள் என்று வீட்டில் சொல்கிறார்களாம். சாமி குளித்துக்கொண்டிருந்ததால் திருமலையாண்டி அவளை உட்கார வைத்துப் பேசினார்.

"வலி உடம்புக்குத்தான் தாயி. உனக்கில்ல. நீ வெறும் சாட்சி. சாட்சியா இருந்து பழகிக்கோ."

அவள் சரி என்று தலையாட்டினாள். இடுப்பில் ஒரு கையை ஊன்றி மெல்ல எழுந்து, செருப்பை மாட்டினாள்.

ஈரத் தலையோடு சாமி ஓடி வந்தார்.

"எந்த இடத்துல தாயி?"

அவள் திகைத்துப் பார்த்தாள்.

"எந்த இடம்னு விரலை வச்சுக் காட்டு. உக்காந்தா கூடுதா, நின்னா கூடுதா? காலுக்கு இறங்குதா? இருமினா தெரியுதா?"

முதலில் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னாள். பிறகு நீளமாகச் சொன்னாள். பிறகு செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, இத்தனை நாள் யாரும் கேட்காததையெல்லாம் சொல்லி முடித்தாள். சாமி நடுவில் ஒரு உபதேசமும் செய்யவில்லை. டாக்டர் ஜெபசெல்விக்குப் போன் போட்டு, யாரிடம் காட்ட வேண்டும் என்று கேட்டார். மறுநாள் கூடப் போக வைரவன் தயாராக இருந்தார்.

அவள் போன பிறகு திருமலையாண்டி முகம் வாடி வந்து நின்றார்.

"சாமி, நான் தப்பா ஒண்ணும் சொல்லலையே. வலிக்குச் சாட்சியா இருன்னு நீங்க சொல்லிக் குடுத்ததைத்தானே சொன்னேன்."

"ஆமா. நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"பின்ன எதுக்கு இப்படித் துருவித் துருவிக் கேட்டீங்க?"

சாமி தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்:

"கண்ணை மூடிக்கிட்டு நின்னவனை யாராவது சாட்சிக்குக் கூப்பிடுவாங்களா, ஆண்டி?"