கடலுக்கு முதுகு

முட்டத்துப் பாறைகள்மேல் வெயில் பளீரென்று கிடந்தது. காற்று இருந்ததால் உறைக்கவில்லை. நல்ல நாள். வந்த கூட்டமெல்லாம் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. தாணுமாலயன் மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வயது அறுபத்திரண்டு. அவருடைய குரு பூதலிங்க சாமிக்கு நாற்பத்தைந்துதான். வயதைப் பார்த்தா ஞானம் கேட்க முடியும்?

சாமி வேட்டியை மடித்துக் கட்டி முழங்கால் தண்ணீரில் நின்றார். பாறை இடுக்கில் நண்டு விரட்டினார். மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்த் துண்டைக் கடித்துக் கண்ணைச் சுருக்கினார்.

"என்ன வே, எவ்வளவு நேரம் அந்தப் பாறையையே பாப்பீரு? அதுல சினிமாவா ஓடுது?"

"நான் கடல விட்டுட்டேன் சாமி."

காசிக்குப் போனவர்கள் பிடித்த காய் ஒன்றை விட்டுவிட்டு வருவார்கள். முக்கால்வாசிப் பேர் பாகற்காயைத்தான் விடுவார்கள், அது வேறு விஷயம். தாணுமாலயன், மனைவி செண்பகவடிவு இறந்த பதினாறாம் நாளில் கடலை விட்டார். பார்ப்பதில்லை, கால் நனைப்பதில்லை. இன்று சாமி கூப்பிட்டார், வந்தார். வந்தாரே தவிர, திரும்பவில்லை.

"எதுக்காம்?"

"கெட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. கடலுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு. இந்த ஞாயிறு, அடுத்த ஞாயிறுன்னு முப்பது வருசம் ஓடிப்போச்சு. அவ பாக்காதத நான் எப்படிப் பாக்க?"

சாமி இன்னொரு மாங்காய்த் துண்டைக் கடித்தார்.

அப்போதுதான் அந்த அலை வந்தது. பாறையில் அறைந்து, ஆள் உயரத்துக்கு மேலே எழும்பி, தாணுமாலயன் தலையில் அப்படியே கொட்டியது.

"யம்மா!"

துள்ளி எழுந்தார். மூக்கெல்லாம் உப்பு. மூக்குக்கண்ணாடி காலடியில். பக்கத்துப் பாறைக் கூட்டம் ஓவென்று கத்தியது. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார்.

பாதியில் நின்றது அது. முகம் கோணியது. தோளில் கிடந்த ஈரத்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினார்.

"சிரிச்சுட்டேன் சாமி. அவ போயி எட்டு மாசம் ஆகல்ல. அதுக்குள்ள சிரிச்சுட்டேன். அவளுக்குத் துரோகம் செஞ்சிட்டேனா?"

சாமி தண்ணீரை விட்டு ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அழுது முடிக்கட்டும் என்று விட்டார்.

பிறகு கேட்டார்: "நீரு எந்த ரூட்டு வண்டி ஓட்டுனீரு?"

இதையா இப்போது கேட்பது? தாணுமாலயன் மூக்கைத் துடைத்தார்.

"இதே ரோடுதான் சாமி. நாகர்கோவில் டு முட்டம். இருபது வருசம். ஒரு நாளைக்கு ஆறு நடை."

"வீடு?"

"வடசேரி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால."

"அந்தம்மா கைகாட்டுனா வண்டிய நிறுத்த மாட்டீரோ?"

"என்ன சாமி கேக்கிய! பொண்டாட்டிக்கு நிறுத்தாமலா?"

சாமி கடலைப் பார்த்தபடியே சொன்னார்.

"கடல் மட்டும்தான் வேணும்னா, அவ எப்பவோ உம்ம வண்டியிலயே ஏறி வந்து பாத்திருப்பாளே வே."