நத்தமேட்டுக்கு வண்டியைக் கொண்டுவந்தவர்

ஒரு ரோந்து வண்டி. அதை ஊருக்குக் கொண்டுவந்தது நான்தான் என்று மார்தட்டிக்கொள்ளும் மூன்று பேர். கதை இவ்வளவுதான். சொல்ல வாயெடுக்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கேட்டு முடித்து உங்களுக்கும் வராவிட்டால், நான் சரியாகச் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாலுவழிச் சாலையில் நத்தமேடு பிரிவு என்றொரு இடம். சாலைக்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் வெங்காயக் காடு. காலையில் வேலைக்குப் போகவும் பொழுது சாய வீடு திரும்பவும், நடுத்தடுப்பில் விட்டிருக்கும் இடைவெளி வழியாகத்தான் பெண்கள் சாலையைக் கடக்க வேண்டும். மேம்பாலம் எங்கே என்று கேட்டால், திட்டத்தில் இருக்கிறது என்பார்கள். அந்த இடத்தில்தான் நெடுஞ்சாலை ரோந்து வண்டியோடு நின்றாள் சிறப்பு எஸ்.ஐ. மங்கையர்க்கரசி. சிவப்பும் நீலமுமாகச் சுழலும் விளக்கைத் தூரத்திலேயே பார்த்து லாரிக்காரர்கள் வேகத்தைக் குறைப்பார்கள். மங்கை வலது கையை நெஞ்சுக்கு நேரே நீட்டிக்கொண்டு நடுச்சாலையில் நிற்பாள். பெண்கள் கடந்துவிடுவார்கள். அவள் வந்தபிறகு அங்கே ஓர் உயிர் போனதில்லை.

வண்டி வேறு இடத்துக்கு ஓடியிருக்கும் நேரத்தில் சின்னச் சின்ன இடிகள் நடக்கத்தான் செய்தன. ஒருநாள் செங்கமலம் என்ற கூலிப்பெண்ணை ஒரு மினி வேன் உரசித் தள்ளிவிட்டது. முழங்கையில் தோல் பிய்ந்து ரத்தம். திரும்பி வந்த மங்கை, ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்ல வண்டியின் வயர்லெஸ் மைக்கை எடுத்ததும் செங்கமலம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, கேஸு கீஸுன்னு போட்றாதீங்க. கோர்ட்டுக்கு அலையச் சொல்லுவாங்க, கூலி போயிரும். எனக்கு ஒண்ணும் ஆகலைங்க."

மங்கைக்கு மனசு கேட்கவில்லை. கட்டுப் போட்டு அனுப்பிவிட்டாள். அதன்பிறகு கெஞ்சிய மற்றவர்களுக்கும் அப்படியே. ஊரே அவளைத் தலைமேல் தூக்கி வைத்துக் கொண்டாடியது.

ஆனி மாதத்தில் டி.எஸ்.பி. ரகோத்தமன் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். விபத்து அதிகம் நடக்கும் இடத்துக்கே வண்டி என்பது அவர் வைத்திருந்த விதி.

"நத்தமேட்டுல விபத்தே இல்லையேம்மா. வண்டியை டவுன் பைபாஸுக்கு மாத்துறேன். நீங்க வண்டியோட டவுனுக்கு வரலாம். இல்லைன்னா வண்டி இல்லாம நத்தமேடு ஸ்டேஷன்ல இருந்துக்கலாம். உங்க இஷ்டம்."

"விபத்து இல்லாததே வண்டி நிக்கிறதாலதானுங்கய்யா."

"நடக்காததை நான் எந்தக் கணக்குலம்மா காட்டுறது?"

சொல்லாமல் விட்ட இடிகளெல்லாம் அவள் நாக்கு நுனிவரை வந்தன. சொன்னால், மறைத்ததற்கு மெமோ வரும். விழுங்கிக்கொண்டாள். வண்டி இல்லாமல் ஸ்டேஷனில் உட்கார்ந்து என்ன செய்ய? டவுனில் சொந்த வீடு, பத்தாவது படிக்கும் மகள். டவுன் என்றே சொல்லிவிட்டாள். வீட்டுக்குப் பக்கம் என்ற சந்தோஷம் ஓரத்தில் கொஞ்சம் இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வண்டி போன கையோடு ஒன்றியத் தலைவர் தண்டபாணி மந்திரியிடம் மனு கொடுத்தார். ஆடி போனது, தீபாவளி போனது, பொங்கலும் போனது. பதில் இல்லை.

தை மாதம் ஒரு சாயங்காலம், வேலை முடிந்த பெண்கள் சாலையோரம் வெகுநேரம் காத்து நின்றார்கள். லாரிகள் விட்டபாடில்லை. கடைசியில் செங்கமலம் முதலில் இறங்கினாள். மங்கை செய்வதைப் போலவே வலது கையை நெஞ்சுக்கு நேரே நீட்டிக்கொண்டு, பின்னால் நின்றவர்களை "வாங்கடி" என்று கூப்பிட்டுக்கொண்டே இறங்கினாள். சுழல்விளக்கு இல்லை, காக்கிச் சட்டை இல்லை. ஒரு கூலிக்காரியின் கைக்கு எந்த லாரி நிற்கும்? அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது.

மறுநாள் காலை, வண்டியையும் மங்கையையும் நத்தமேட்டுக்கே அனுப்பும் உத்தரவில் டி.எஸ்.பி. கையெழுத்துப் போட்டார். பரோட்டா கடைக்காரர் சுருளிவேல் ஆள் திரட்டி மறியலுக்கு உட்கார்ந்தது அன்று மத்தியானம். மறியலை விலக்க வந்து நின்றதே அந்த வண்டிதான்.

பாராட்டு விழா வைத்தார்கள். வண்டிக்கு ரோஜா மாலை. ஆளுயர ஃபிளெக்ஸில் மூன்று முகங்கள். என் மனுவுக்குக் கிடைத்த வெற்றி என்றார் தண்டபாணி. "நாங்க ரோட்டுல உட்காரலைன்னா வந்திருக்குமா?" என்று கேட்டார் சுருளிவேல். பொதுமக்கள் நலன் கருதித் தானே உத்தரவிட்டதாக டி.எஸ்.பி. பேசினார். மூவருக்கும் பொன்னாடை போர்த்திவிட்டு, நாலாவதை மங்கையிடம் நீட்டினார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர்கள்மேல் எரிந்ததா, தன்மேல் எரிந்ததா, அவளுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

"இது எனக்கு வேண்டாங்க. கொண்டுவந்தவங்களுக்குக் குடுங்க" என்று சொல்லிவிட்டு வண்டிப் பக்கம் போய்விட்டாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். நத்தமேட்டுக்கு வண்டியைத் திரும்பக் கொண்டுவந்தது யார்? அந்தப் பொன்னாடை யாருக்குச் சேர வேண்டும்?

விடை: மனு மாதக்கணக்கில் தூங்கியது. மறியல் தொடங்குமுன்பே உத்தரவு கிளம்பிவிட்டது. கையெழுத்துப் போட்டவரோ, வண்டியைப் பிடுங்கியபோதும் அதே விதியைப் பார்த்துத்தான் போட்டார். இடையில் மாறியது ஒன்றுதான், கணக்கில் ஒரு சாவு ஏறியது. வண்டியைக் கொண்டுவந்தவள் செங்கமலம். பொன்னாடையை வாங்கிக்கொள்ள அவள் இல்லை. விதி இன்றும் அப்படியே இருக்கிறது, அங்கே விபத்து நின்றால் வண்டி மறுபடியும் போய்விடும். மங்கைக்கு அது தெரியும். அதனால் இப்போதெல்லாம் ஸ்கூட்டர் சாய்ந்து முட்டி சிராய்த்தால்கூட மைக்கை எடுத்துவிடுகிறாள். கும்பிட்டாலும் அழுதாலும் விடுவதில்லை. தலைமேல் தூக்கி வைத்த ஊர், ஈவிரக்கமில்லாதவள் என்று இன்று அவளைக் கரித்துக்கொட்டுகிறது. "நல்லாத் திட்டுங்க. கேஸ் இருந்தாத்தான் வண்டி நிக்கும்" என்கிறாள் அவள்.