சுவர் தாண்டாத ரூட்டர்

மணப்பாறையில் சிவகாமி அம்மாளின் மடத்துக்கு வருகிறவர்களில் மாசிலாமணிதான் மூத்தவர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாளுக்கு அவரைவிட வயது குறைவு. ஆனாலும் அவர் அவளை அம்மா என்பார், அவள் அவரை ஐயா என்பாள்.

அன்று இரண்டு அட்டைப்பெட்டிகளை அவள் முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

“என்னங்கய்யா, பிரசாதமா?”

“ரூட்டருங்கம்மா. இது ரெண்டு கொம்பு, விலை கம்மி. அது நாலு கொம்பு, பென்ஷன்ல பாதியைத் தின்னுடும். ஒண்ணைத் திருப்பிக் குடுத்துடலாம்னான் கடைக்காரன். எதை வச்சுக்கட்டும்?”

“வீட்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்கே?”

“அது சவம். சங்கவி ரூமுக்கு எட்டவே மாட்டேங்குது.”

சங்கவி அவர் மகள். மனைவி இறந்த பிறகு வீட்டில் அவரும் அவளும்தான். வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்க்கிறாள். மீட்டிங் நடுவில் லைன் அறுந்து அறுந்து மேலதிகாரியிடம் ஏச்சு வாங்கியவள், திங்கட்கிழமை சென்னை ஹாஸ்டலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டாள். அதைச் சொல்லிக்கொண்டே மாசிலாமணி பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

“ரூட்டரை எங்க வச்சிருக்கீங்க?”

“வாசல் ரூம்ல. பீரோவுக்குள்ள.”

“இரும்பு பீரோவா?”

“ஆமாம்மா.”

“எதுக்கு, திருட்டுப் போயிடும்னா?”

மாசிலாமணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். “தனசேகரன் பக்கம் போகக் கூடாதுல்ல.”

தனசேகரன் அவர் தம்பி. அப்பா செத்ததும் நடுவில் சுவர் எழுப்பி வீட்டைப் பிரித்துக்கொண்டார்கள். கிணறு தம்பி பாகத்துக்குப் போனது. ஒரு கோடையில் மாசிலாமணியின் மனைவி குடத்தோடு போய் நின்றாள். மோட்டார் ரிப்பேர் என்று சொல்லி அனுப்பிவிட்டான். அவள் திரும்பி வீட்டுக்குள் வருவதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் ஓடியது. சின்னக் காரியமில்லை அது. அந்தச் சத்தம் மாசிலாமணிக்கு இன்னும் காதில் இருக்கிறது.

“பாஸ்வேர்டு இருக்குமே. அவர் எடுக்க முடியாதே?”

“எடுக்க முடியாது. ஆனா அவன் போன்ல மாசிலாமணி இல்லம்னு பேர் வரும். என் வீட்டுது எதுவும் அவன் பக்கம் எட்டிப் பாக்கக் கூடாதும்மா.”

“சரி, வாங்க. வீட்டைப் பாப்போம்.”

இரண்டு தெரு நடந்தார்கள். அம்மாள் பீரோவைத் திறந்து பழைய ரூட்டரை எடுத்தாள். கேபிள்காரன் சுருட்டிப் போட்டிருந்த வயரை நீட்டிக்கொண்டே ஹாலுக்கு வந்து, நடுச்சுவரோரம் இருந்த பிளக்கில் செருகினாள். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன.

“அப்பா, என்ன பண்ணீங்க? முழுசா வருது!” உள்ளேயிருந்து சங்கவி கத்தினாள்.

அம்மாள் ரூட்டரைச் சுவரோடு சேர்த்துப் பிடித்தாள். “இங்க ஒரு ஆணி அடிங்க.”

“அது அவன் சுவரு.”

“பாதி உங்களுதுதானே?”

“அந்தப் பக்கமும் போகுமேம்மா.”

“போகும்.”

“என் பொண்ணு ரூமுக்குப் போகணும், அவன் பக்கம் போகக் கூடாது. அப்படி ஒரு ரூட்டர் சொல்லுங்க. என்ன விலைன்னாலும் வாங்கிடறேன்.”

அம்மாள் சங்கவியின் அறைப் பக்கம் பார்த்தாள். வாசற்படியை ஒட்டி ஒரு சூட்கேஸ், ஒரு சுருட்டிய பாய், கயிறு போட்டுக் கட்டிய தலையணை.

“விலை அதோ இருக்குங்கய்யா. கட்டுப்படியாகுமா பாருங்க.”