தக்காளி நாற்று போட்ட கும்பிடு

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் ஆசை அதிகமாகவும் இருந்த ஒரு நாட்டில், பராங்குசர் என்று ஒரு மன்னர் இருந்தார். நல்ல மனிதர்தான். வரி அதிகம் போடமாட்டார், சண்டைக்குப் போகமாட்டார், சாப்பாட்டில் ரசம் இருந்தால் வேறெதுவும் கேட்கமாட்டார். ஆனால் மாதத்துக்கு ஒரு தடவை அவருக்கு ஏதாவது ஒரு கிறுக்குப் பிடிக்கும். அந்த மாதம் பிடித்தது கும்பிடு.

அண்டை நாட்டுத் தூதன் ஒருவன் வந்தவன் சும்மா இராமல், "எங்கள் அரசர் முன்னால் எல்லோரும் நெற்றி முழங்காலில் படும்படி வணங்குவார்கள்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவனுக்கென்ன, போய்விட்டான். மறுநாளே இங்கே உத்தரவு பிறந்தது. இனி இந்த அரண்மனையிலும் எல்லோரும் அப்படித்தான் வணங்க வேண்டும். வணங்க முடியாதவர்கள் ஊரைவிட்டே போக வேண்டும்.

இதைக் கவனிக்க மரியாதை அதிகாரி என்று ஒரு பதவியே உண்டானது. அதில் வந்து உட்கார்ந்தவர் குணபூஷணம். அவர் கையில் ஓர் அளவுகோல். யார் வணங்கினாலும் ஓடிப்போய் நெற்றிக்கும் முழங்காலுக்கும் நடுவில் கோலை வைத்து, "இரண்டு விரற்கடை இடைவெளி இருக்கிறது, இன்னொரு தடவை" என்பார். தளபதிக்கு நல்ல தொப்பை. அவர் தினமும் நாலு தடவை வணங்கி, வேர்த்து விறுவிறுத்து, உட்கார இடம் தேடுவார்.

தளபதியாவது எப்படியோ சமாளித்தார். தோட்டக்காரி பூவாயியால் முடியவில்லை. போன வருஷம் மன்னரின் பூஜைக்குப் பூப்பறிக்க ஏணியில் ஏறி, விழுந்து, இடுப்பு எலும்பு நொறுங்கிக் கூடியவள் அவள். அதன்பிறகு அவள் முதுகு வளையவில்லை. உட்கார்ந்தபடியே களை எடுப்பாள், நின்றபடியே தண்ணீர் விடுவாள், தோட்டத்து மூலையில் இருக்கும் குடிசைதான் அவளுக்கு வீடு. அதைவிட்டால் போக்கிடம் கிடையாது. குணபூஷணம் கோலை வைத்துப் பார்த்தார். "ஒன்றரை முழம்!" என்று கூவினார்.

மன்னர் சங்கடப்பட்டார். ஆனால் உத்தரவு அவர் போட்டதாயிற்றே. அவர் மீசையைத் தடவிக்கொண்டிருந்தபோது, அரசவைக் கோணங்கி சடையாண்டி எழுந்தான். மன்னரைச் சிரிக்க வைப்பது அவன் உத்தியோகம். அன்றைக்கு அவனுக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது.

"மன்னா, பூவாயி வளர்க்கிற செடிகளும்தான் தங்களை வணங்குவதில்லை. விறைத்துக்கொண்டு நிற்கின்றன. அவற்றையும் ஊரைவிட்டு அனுப்பிவிடலாமா?"

சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மன்னரின் முகம் சிவந்தது. குணபூஷணத்துக்கு இதைவிட நல்ல சமயம் எப்போது வாய்க்கும்? சடையாண்டி சிரிக்க வைத்து வாங்குகிற பரிசுகளைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தவர் அவர்.

"பிரபு, சடையாண்டி மகா கெட்டிக்காரன். ஒரு செடியை அவனே தங்களுக்கு வணங்க வைக்கட்டும். கயிறு கட்டக் கூடாது, கல் தொங்கவிடக் கூடாது, கையால் வளைக்கக் கூடாது. அரண்மனைக்குள்ளேயே விதை போட்டு வளர்க்க வேண்டும். செடி வணங்கினால் பூவாயி இருக்கட்டும். வணங்காவிட்டால் அவளோடு இவனும் நடையைக் கட்டட்டும்."

"அப்படியே ஆகட்டும்! ஒரு மண்டலம் தவணை. நாற்பத்தெட்டாம் நாள் சபையில் செடி எம்மை வணங்கியாக வேண்டும்" என்றார் மன்னர்.

"ஆகட்டும் மன்னா. விதைக்கு மட்டும் ஒன்று வேண்டும். கப்பல் வியாபாரி கொண்டுவந்தானே, தக்காளி என்று ஒரு சிவப்புப் பழம், அதில் ஒன்று கொடுத்தால் போதும்."

மன்னருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு கூடை தக்காளியையும் ரசமாகவே குடித்து முடித்து, கடைசியாக ஒரே ஒரு பழத்தை உறியில் வைத்துத் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தார் அவர். ஆனாலும் சொன்ன சொல்லை மாற்ற முடியுமா? பழத்தை எடுத்து, கடைசியாக ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

பூவாயி சடையாண்டியைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டாள்.

"ஏப்பா, வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இருக்கமாட்டியா? நான் ஒருத்தி போறதோட போயிருக்கும். இப்ப உன்னையும் சேத்துல்ல இழுத்துவிட்டுக்கிட்ட?"

"அதை விடுக்கா. இந்தப் பழத்துல இருக்கிற வெதை மொளைக்குமா?"

"மொளைக்கும். ஆனா அப்படியே போட்டா மொளைக்காது. சுத்தி வழவழன்னு இருக்கு பாரு, அது போகணும்."

பழத்தைப் பிசைந்து விதையையும் சாற்றையும் ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் மூன்று நாள் போட்டுவைத்தாள். கிண்ணம் நாறியது. மூக்கைப் பிடித்துக்கொண்டு அலசினார்கள். மிதந்த சொத்தை விதைகளைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கியவற்றைச் சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்தினாள். பிறகு தண்ணீர் வடியக் கண் திறந்த கொட்டாங்கச்சிகளில் மணலும் செம்மண்ணும் மக்கிய சாணமும் கலந்து நிரப்பி, விதையை வைத்து, மேலே விரல் நகக் கனத்துக்கு மண் தூவினாள். ஆழமாகப் புதைத்தால் வெளியே வரத் தெம்பிருக்காது என்று சொல்லிக்கொண்டே செய்தாள். பன்னிரண்டு கொட்டாங்கச்சிகளையும் ஒரு மரத்தட்டில் அடுக்கி, அரியணைக்கு எதிரே கொண்டுபோய் வைத்தார்கள்.

அந்த மண்டபத்துக்கு ஒரே ஒரு ஜன்னல். அது அரியணைக்குப் பக்கத்தில் இருந்தது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதன்பிறகு மன்னர் பட்ட அவஸ்தை இருக்கிறதே! ராஜ்ய விவகாரம் நடந்துகொண்டிருக்கும்போது பாதியில் எழுந்து வந்து மண்ணைப் பார்ப்பார். நாலாம் நாள் பொறுக்க முடியாமல், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, விரலால் ஒரு கொட்டாங்கச்சியைக் கிளறிப் பார்த்தார். வெள்ளையாக ஒரு வேர் நூல்போல எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. திருடன்போல அவசரமாக மண்ணை மூடிவிட்டுப் போய் உட்கார்ந்தார். ஏழாம் நாள் கழுத்தை வளைத்துக்கொண்டு முளைகள் வந்தன. மன்னர் குழந்தையாகிவிட்டார். "வந்துவிட்டது! வந்துவிட்டது!" என்று அவர் போட்ட சத்தத்தில் வாயிற்காவலர்கள் பகைவர்தான் வந்துவிட்டார்களென்று வேல்களைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

நாலைந்து நாளில் நாற்றுகள் ஜன்னல் வெளிச்சத்தைத் தேடிச் சாய்ந்தன. ஜன்னல் எந்தப் பக்கம்? அரியணைப் பக்கம். பன்னிரண்டு நாற்றும் மன்னரைப் பார்த்துத் தலை குனிந்து நின்றன.

"ஆகா! இப்போதே வணங்கத் தொடங்கிவிட்டனவே!" என்று மன்னர் பூரித்தார்.

குணபூஷணத்துக்குச் சோறு இறங்கவில்லை. தரையில் படுத்து, நூல் ஏதும் கட்டியிருக்கிறதா என்று தேடினார். இல்லை. ஒரு நாள் முழுக்கத் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தார். கடைசியில் அவர் மூளையிலும் வெளிச்சம் பட்டது. ஜன்னல்! மறுநாள் விடியற்காலை, சபை கூடுவதற்கு முன்பே வந்து, தட்டை அப்படியே திருப்பி வைத்தார். நாற்றுகள் மன்னருக்கு முதுகைக் காட்டின.

அன்று தொடங்கியவர் ஒரு நாள்கூட விடவில்லை. இந்தப் பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் திருப்புவார், அந்தப் பக்கம் சாய்ந்தால் இந்தப் பக்கம். நாலு இலை விட்டதும் பூவாயி நாற்றுகளைப் பெரிய மண் தொட்டிகளுக்கு மாற்றி, தண்டைப் பாதிவரை மண்ணுக்குள் இறக்கி நட்டாள். இப்போது பன்னிரண்டு தொட்டியையும் தனித்தனியே திருப்ப வேண்டும். ஏழெட்டுப் பேர் கைகட்டிச் சேவகம் செய்கிற வீட்டில் பிறந்த மனிதர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் திருப்பினார். பொறாமை வந்தால் மனிதன் எவ்வளவு உழைக்கிறான், பாருங்கள்.

பூவாயி இதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏப்பா, அந்த ஆளு தெனம் வந்து தொட்டியைத் திருப்பிட்டுப் போறாரு. செடியெல்லாம் நட்டுக்க நிக்குது. இப்படியே போனா ரெண்டு பேரும் மூட்டையைத் தூக்க வேண்டியதுதான்."

"தெரியும்க்கா. காவலர்கிட்டக்கூடச் சொல்லி வச்சிருக்கேன், அவரைத் தடுக்கவேண்டாம்னு."

"உனக்குப் பைத்தியமா புடிச்சிருக்கு?" என்றாள் அவள். அவள் கண் கலங்கிவிட்டது. சடையாண்டிக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அவன் மனதில் இருந்ததை அவளிடம் சொன்னால் அவள் முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

நாற்பத்தெட்டாம் நாள் சபை கூடியது. பன்னிரண்டு தக்காளிச் செடிகளும் விரல் தடிமனில் தண்டு வைத்து, கரும்பச்சை இலையோடு, நிமிர்ந்து நின்றன. குணபூஷணம் அளவுகோலை ஒவ்வொரு செடியின் பக்கத்திலும் செங்குத்தாக வைத்துக் காட்டினார்.

"ஒரு விரற்கடைகூட வளையவில்லை, பிரபு! என்ன திமிர் பாருங்கள்!"

மன்னரின் முகம் வாடிவிட்டது. இத்தனை நாள் தினமும் பார்த்துப் பழகிய செடிகள். பூவாயி தூணில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு புறப்படத் தயாராகிவிட்டாள்.

"ஒரு நிமிஷம் மன்னா. இன்னொரு செடி இருக்கிறது. அதையும் அதிகாரி அளந்து பார்க்கட்டும்" என்றான் சடையாண்டி.

அவன் நேரே அரியணைக்குப் பின்னால் போனான். அந்த இருட்டு மூலைக்கு யாரும் போவதில்லை, பார்ப்பதும் இல்லை. அங்கிருந்து ஒரு கொட்டாங்கச்சியை எடுத்துவந்து மன்னரின் காலடியில் வைத்தான். அரியணை இடுக்கு வழியாக வந்த கொஞ்சநஞ்ச வெளிச்சத்தைத் தேடித் தேடி, சாண் நீளத்துக்கு வெளுத்து நீண்டு, அந்த நாற்று தலையைத் தரையில் போட்டுக் கிடந்தது.

"மிச்ச விதையில் ஒன்று. அரண்மனைக்குள்ளேயேதான் வளர்ந்தது. கயிறு இல்லை, கல் இல்லை, கை படவில்லை."

குணபூஷணம் அளவுகோலை வைத்தார். இடைவெளியே இல்லை. சபையில் அதுவரை எவரும் போடாத கும்பிடு அது. சொல்லித்தானே ஆக வேண்டும்? முணுமுணுப்பாகச் சொன்னார்.

"பலே!" என்று துள்ளினார் மன்னர். "சடையாண்டி, நீ ஜெயித்தாய். பூவாயி இங்கேயே இருக்கலாம். இந்தப் பணிவான செடியை நம் கண்முன்னேயே வையுங்கள். இது எப்போது காய்க்கும் பூவாயி?"

பூவாயி கொட்டாங்கச்சியை எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"இதுங்களா? இது காய்க்காதுங்க மகாராசா. வெளிச்சம் கெடைக்காம வளஞ்சது. இது கும்பிடு இல்லைங்க, பட்டினி. ரெண்டு நாள்ல செத்துப்போகும். அந்தா நட்டுக்க நிக்குது பாருங்க, அதுங்கதான் காய்க்கும். தெனமும் திருப்பித் திருப்பி வச்சதால எல்லாப் பக்கமும் வெளிச்சம் பட்டு, தண்டு அப்படித் தடிச்சிருக்கு. நானே செய்யணும்னு நெனச்சாலும் என் இடுப்புக்கு ஆகியிருக்காது."

மன்னர் வெளுத்த நாற்றைப் பார்த்தார். பிறகு, வரிசையாகக் குனிந்து நின்ற தம் மந்திரிகளையும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த தளபதியையும் பார்த்தார். அவருக்கு வெட்கமாகிவிட்டது.

"தினமும் திருப்பி வைத்த அந்தப் புண்ணியவான் யார்?" என்று மெல்லக் கேட்டார்.

"நம் மரியாதை அதிகாரிதான் மன்னா. முப்பது நாளாக விடியற்காலையில் வந்து, ஒரு தொட்டி விடாமல் திருப்பினார். காவலர்களைக் கேளுங்கள்" என்றான் சடையாண்டி.

"இல்லை பிரபு! நான் அவை வளர வேண்டுமென்று திருப்பவில்லை, வணங்கக் கூடாது என்றுதான்..." என்று தொடங்கிய குணபூஷணம், தாம் சொல்வது என்னவென்று பாதியில் விளங்கி, வாயைப் பொத்திக்கொண்டார்.

மன்னருக்கு முதலில் தோள் குலுங்கியது. பிறகு வயிறு குலுங்கியது. அப்புறம் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தார். தளபதியும் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் குணபூஷணமே வேறு வழியில்லாமல் சிரித்தார்.

"கும்பிடு உத்தரவு இன்றோடு ரத்து" என்றார் மன்னர். "பூவாயி, உனக்கு எப்படி நிற்க முடியுமோ அப்படியே நில். அரண்மனைத் தோட்டம் முழுக்க இனி உன் அதிகாரத்தில். குணபூஷணம், உமக்கு இவ்வளவு நன்றாக வருகிற வேலையை நாம் ஏன் கெடுக்க வேண்டும்? அவளிடமே சேர்ந்துகொள்ளும்." தம் முத்துமாலையைக் கழற்றிச் சடையாண்டியின் கழுத்தில் போட்டார். போட்டுவிட்டு அவனை இறுகக் கட்டிக்கொண்டார்.

அப்போதுதான் பூவாயி, "மகாராசா, இங்க வந்து பாருங்க" என்று கூப்பிட்டாள். ஒரு செடியில், இலைக்கு அடியில், மஞ்சளாக முதல் மொட்டு விரிந்துகொண்டிருந்தது. மன்னர் ஓடிப்போய், பட்டாடை மண்ணில் புரளத் தரையில் முழங்காலிட்டு, தலையைச் சாய்த்து அதைப் பார்த்தார்.

மன்னரே குனிந்துவிட்டாரே! மந்திரிகள் பதறிப்போனார்கள். உத்தரவு ரத்தானதெல்லாம் மறந்துபோய், ஜன்னல் பக்கமாக ஓடிவந்து சுற்றி நின்று, நெற்றி முழங்காலில் படும்படி மொத்தமாகக் குனிந்தார்கள்.

மொட்டை விட்டுக் கண்ணை எடுக்காமலே மன்னர் கையை வீசினார்.

"எழுந்திருங்கள் ஐயா, தள்ளி நில்லுங்கள்! செடிக்கு வெளிச்சத்தை மறைக்கிறீர்கள்!"