நெஞ்சில் வைத்த அஞ்செழுத்து

“அஞ்செழுத்தைப் போயும் போயும் பொணத்து நெஞ்சுல வெச்சா சொல்லுவே?”

“பொணம்னு அப்பத் தெரியாதுங்கய்யா.”

“ஊரே சொல்லுச்சேய்யா, போயிருச்சுன்னு!”

“ஊரு சொல்லுங்க. வண்டி வர்ற வரைக்கும் கை நிக்கக் கூடாதுன்னு எனக்குச் சொல்லியிருக்கு.”

“நான் சன்னதியில உருகி உருகிப் பாடுறேன். நீ என்னடான்னா உலக்கை போடுற மாதிரி குத்திக்கிட்டிருக்கே. எந்த ஊரு பக்திய்யா இது?”

கேட்டவர் திருவேற்றங்கரைக் கோயிலில் தேவாரம் பாடும் ஞானப்பிரகாச ஓதுவார். பதில் சொன்னவர் அந்தக் கோயில் குளத்தில் துணி வாரும் தில்லைக்கண்ணு. படியில் நின்றிருந்த தேங்காய்க்கடைக்காரர்கள் சிரித்தார்கள். தில்லைக்கண்ணு மறுபடி தண்ணீரில் இறங்கினார்.

கெட்ட காலம் கழிய வேண்டும் என்று வருகிறவர்கள் அந்தக் குளத்தில் மூன்று முழுக்குப் போட்டு, உடுத்திய துணியைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு, மாற்றுத்துணியோடு படியேறுவார்கள். ஏறும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் விட்ட வினை கூடவே வந்துவிடும் என்பது அங்குள்ள வழக்கம். அவர்கள் விட்டுப்போன வேட்டிகளும் சேலைகளும், தங்களையே கழற்றிப் போட்டுவிட்டுப் போனவர்களைப் போல, நாள் முழுதும் தண்ணீரில் அசைந்துகொண்டிருக்கும். அவற்றைக் கொக்கிக் கழியால் இழுத்துக் கரையில் குவிப்பது தில்லைக்கண்ணுவின் பணி. முழுகுகிறவர் காலைச் சுற்றி உள்ளே இழுப்பவை அந்தத் துணிகள்தாம். ஒவ்வொன்றையும் வாரும்போது ‘நமசிவாய’ என்பார். நனைந்த உடம்போடு கோயிலுக்குள் போக முடியாது. அவர் உடம்போ காய்ந்ததே இல்லை. வடகரையில் நின்று கோபுரத்தைக் கும்பிடுவதுதான் அவருக்கு வாய்த்த தரிசனம்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் அவருடைய மனைவி அம்சவல்லியும் அவரோடு துணி வாரினார். ஒரு சனிக்கிழமை பாசியில் வழுக்கி விழுந்தவர், துணிக்குவியலின் அடியில் சிக்கிக்கொண்டார். கரையேற்றியபோது மூச்சு இல்லை. உதவ வந்தவர்கள் அன்பாகத்தான் வந்தார்கள். ஒருவர் தோளில் தலைகீழாகத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார். இன்னொருவர் வயிற்றை அழுத்தித் தண்ணீரை எடுத்தார். யாரோ நெற்றி நிறையத் திருநீறு பூசினார்கள். வெகுநேரம் கழித்து வந்த ஆம்புலன்ஸிலிருந்து இறங்கிய பெண் கேட்டது ஒன்றே ஒன்று.

“யாராச்சும் நெஞ்சை அமுக்குனீங்களா?”

அந்தக் கேள்வியின் பொருள் அங்கிருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. தில்லைக்கண்ணு அழுதுகொண்டே அதை மனத்தில் வைத்துக்கொண்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் தீயணைப்பு நிலையத்துக்கு நடந்துபோய், அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார்.

அந்தோணிசாமி என்ற தீயணைப்பு வீரர் அவரைத் தரையில் உட்காரவைத்து, ஒரு மணல்மூட்டையின் மீது காட்டிக்கொடுத்தார். மூழ்கியவருக்கு மூச்சு இல்லையென்றால் முதலில் தலையைச் சாய்த்து, மோவாயைத் தூக்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயில் ஊத வேண்டும். பிறகு நெஞ்சின் நட்டநடுவில் ஒரு கைமேல் ஒரு கை வைத்து, முழங்கை மடங்காமல், இரண்டு அங்குலம் இறங்க அழுத்த வேண்டும். முப்பது அழுத்து, இரண்டு மூச்சு. மறுபடி முப்பது. தண்ணீரை எடுக்கிறேன் என்று வயிற்றைத் தொடவே கூடாது. தில்லைக்கண்ணுவுக்குப் பதற்றத்தில் எண்ணிக்கை தப்பிக்கொண்டே இருந்தது. அன்று இரவெல்லாம் யோசித்து, தப்பாத ஒன்றைக் கண்டுகொண்டார். ந, ம, சி, வா, ய. எழுத்துக்கு ஓர் அழுத்து. ஆறு சுற்றுச் சொன்னால் முப்பது.

அதன்பின் குளக்கரையில் அவர் செய்ததெல்லாம் வழிபாடுதான் என்று சொல்வதில் பிழையில்லை. அந்தோணிசாமி மேலும் சொல்லித்தந்தபடி, படியில் விழுந்து மண்டை உடைந்தவர்களுக்குத் திருநீற்றைக் காயத்தில் அப்பவிடாமல், வெளுத்த துணியை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பார். வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்க ஓடிவருகிறவர்களை விலக்கி, தலைக்கடியில் துணி மடித்து வைத்து, துடிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்கவைப்பார். “டாக்டரு வந்துட்டாருப்பா, வழி விடுங்க!” என்று கடைக்காரர்கள் கேலி செய்வார்கள். வழி விட்டதற்கு நன்றியாக அவர் கும்பிடுவார்.

ஆனால் குளம் அவருக்கு ஒருவரைக்கூடத் திருப்பித் தரவில்லை. ஒருமுறை, மூழ்கிய ஒரு பெண்ணின் நெஞ்சில் அவர் மூன்றாவது சுற்றில் இருந்தபோது கோயில் ஆட்கள் அவர் கையைத் தட்டிவிட்டார்கள். குளத்தையும் சேர்த்துச் சுற்றிய மதிலுக்குள் உயிர் போனால் நடை சாத்த வேண்டும் என்று அந்தப் பெண்ணை வெளியே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவள் அவர்கள் விருப்பப்படியே வெளியே இறந்தாள். கடைசியாகப் போன வாரம் ஓர் இளைஞன். இம்முறை தடுக்க யாருமில்லை, உதவவும் யாருமில்லை. ஆம்புலன்ஸ் ரயில்வே கேட்டில் நின்றது. பின்னால் நடப்பதைத் திரும்பிப் பார்க்காமல் கூட்டம் படியேறிக்கொண்டிருந்தது. இருபத்தைந்து நிமிடம் ஒற்றை ஆளாக அழுத்திய தில்லைக்கண்ணுவின் கைகள், கடைசியில் நெஞ்சின் மேல் வெறுமனே கிடந்தன. அதைத்தான் ஓதுவார் ஏளனம் செய்தார்.

ஏளனம் கேட்ட அன்றே, துணிகளை வாரி முடித்து, தில்லைக்கண்ணு ஓதுவாரிடமே திரும்பி வந்தார்.

“நீங்க கத்துக்கங்கய்யா. ரெண்டு நிமிசத்துல கை ஓஞ்சுரும். மாத்திவிட ஒரு ஆளு இருந்திருந்தா அந்தத் தம்பி… தெரியல. ஒரு ஆளு வேணும்யா. ஆறு சுத்துதான், முப்பது வந்துரும். நடு நெஞ்சுல. அப்புறம் தலையைச் சாய்ச்சு, மூக்கைப் புடிச்சு வாயில ரெண்டு ஊது.”

“எனக்கு வேற சோலி இல்ல பாரு” என்றார் ஓதுவார். ஆயினும் சொல்லும்போதே அவருடைய விரல்கள் தொடையில் எழுத்தெழுத்தாகத் தட்டின. ஆறாவது சுற்று முடிந்ததும் நின்றன. சரியாக முப்பது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார்.

நான்கு மாதம் கழிந்தது. தில்லைக்கண்ணு கடைக்காரர்களிடம் கேட்டார், காவலர்களிடம் கேட்டார், பூக்கட்டுகிற பெண்களிடம் கேட்டார். ஒருவரும் கற்றுக்கொள்ளவில்லை. அவருக்கு வயது அறுபத்து நான்கு ஆகியிருந்தது. இடக்கை அடிக்கடி மரத்துப்போவதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமைக் காலை, குளம் நிறையக் கூட்டம். ஈரச் சேலை ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தவர் கழியை மெதுவாகப் படியில் சாத்தினார். உட்கார்ந்தார். பிறகு, துணிக்குவியலின் மேல் ஒரு துணியைப் போலச் சாய்ந்தார்.

சன்னதிக்குப் போகுமுன் கால் கழுவச் செம்போடு வந்த ஓதுவார்தான் பார்த்தார். “தில்லைக்கண்ணு! யோவ் தில்லைக்கண்ணு!” தோளைத் தட்டினார். மூச்சு இல்லை. தேங்காய்க்கடையைப் பார்த்துக் கத்தினார்: “நூத்தியெட்டுக்குப் போடுய்யா!”

“போட்டாச்சு சாமி. கேட்டு போட்ருக்காம், நிக்குதாம்!”

ஓதுவார் ஒரு கணம் கோபுரத்தைப் பார்த்தார். செம்பைக் கீழே வைத்தார். ஈரப்படியில் முட்டிபோட்டு, எலும்பு தெரியும் அந்த நெஞ்சின் நடுவில் கைமேல் கை வைத்தார். ந. ம. சி. வா. ய. உருகவில்லை, பண்ணும் இல்லை. உலக்கையைப் போலவே விழுந்தது. ஆறு சுற்று. தலையைச் சாய்த்து, தான் ஒருநாளும் தொட்டிராத அந்த வாயில் இரண்டு முறை ஊதினார். மறுபடி ஆறு சுற்று.

அன்று காலைச் சன்னதியில் பதிகம் பாடப்படவில்லை. கோயிலுக்குள் வர முடியாத அடியவரைத் தேடி, சன்னதியில் ஒலித்த குரலே குளக்கரைக்கு வந்திருந்தது. முன்பின் அறியாதவர் நெஞ்சிலெல்லாம் தில்லைக்கண்ணு வைத்த ஐந்தெழுத்து, அவர் நெஞ்சுக்கே வந்து சேர்ந்தது. இதைவிட அருகில் வந்து இறைவன் ஓர் அடியாரை அறிந்துகொள்ள முடியுமா என்று நமக்குத் தெரியாது. தில்லைக்கண்ணுவின் கண்கள் மூடியே இருந்தன. கரையேற்றுகிற பெருமானின் படியில், பிறரைக் கரையேற்றவே நனைந்த அந்தப் பாதங்களை வணங்குவோம்.

நான்காவது முப்பதில் ஓதுவாரின் தோள்கள் நடுங்கத் தொடங்கின. முழங்கை மடங்கியது. தலையைத் தூக்கிப் பார்த்தார். மூன்று முழுக்குப் போட்டவர்கள் உலர்ந்த துணியுடுத்தி, திரும்பிப் பார்க்காமல் வரிசையாகப் படியேறிக்கொண்டிருந்தார்கள். அவர் கையை நிறுத்தாமல் அந்த முதுகுகளைப் பார்த்துக் கத்தினார்:

“யாராச்சும் கை மாத்த வாங்கய்யா! நடு நெஞ்சுல அமுக்கணும், அவ்வளவுதான்… நான் சொல்லித் தர்றேன். ஒரே ஒரு ஆளு வாங்களேன்!”