ஏசியை நிறுத்திய மதியம்

கோயம்புத்தூரில் கணினிச் சாமான்களைச் சோதித்துச் சொல்லும் சின்னக் கூடம் ஒன்றைச் சுகந்தி நடத்தி வந்தார். அவரிடம் வேலை கற்கச் சேர்ந்த சென்னியப்பன் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். ஆகவே அங்கே சீடர் குருவை மேடம் என்பார், குரு சீடரை அண்ணா என்பார்.

ஒருநாள் வேலூரிலிருந்து ஜெசிந்தா என்பவர் போன் செய்தார். பார்வையற்ற பிள்ளைகளுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்கிறவர்.

"கம்ப்யூட்டருக்குப் போன தடவை வாங்கின பவர் சப்ளை கீச்சுன்னு கத்துதுங்க. பதிவுலயும் ஏறிடுச்சு. காது குத்துதுன்னு பிள்ளைங்க பாதியிலயே நிறுத்திட்டாங்க. ஒரு புஸ்தகமே வீணாப் போச்சு. என் மெஷினுக்கு ஆயிரம் வாட் வேணும், ஆனா சத்தம் இருக்கக் கூடாது. அப்படி ஒண்ணைச் சோதிச்சுச் சொல்லுங்க. அதுவும் கத்துச்சுன்னா நான் இந்த வேலையையே விட்டுடுவேன்."

"இதை நான் பாக்குறேனுங்க மேடம்," என்றார் சென்னியப்பன். "என் பேர்லயே ரிப்போர்ட் போகட்டும்."

அவர் பெயரில் போகும் முதல் ரிப்போர்ட் அது. சுகந்தி தலையசைத்தார்.

அலமாரியிலிருந்து ஆயிரம் வாட் பவர் சப்ளை ஒன்றை எடுத்தார். மனிதர் எதையும் விட்டுவைக்கவில்லை. பவர் சப்ளையை முழு மூச்சாக வேலை வாங்கும் லோடு பெட்டி பெருஞ்சத்தம் போடும் என்பதால், அதைப் பக்கத்து அறைக்குத் தள்ளி, சுவரில் துளை போட்டு ஒயரை இழுத்தார். சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக்கூடக் கழற்றினார். பிறகு சத்தத்தை அளக்கும் டெசிபல் மீட்டரை வைத்தார். பவர் சப்ளை ஓடும்போதும் சரி, நிற்கும்போதும் சரி, மீட்டர் ஒரே எண்ணைத்தான் காட்டியது. சந்தோஷத்தில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"மேடம், ஓடுதா நிக்குதான்னே தெரியலீங்க. சத்தமே இல்லைன்னு எழுதிப்போடட்டுங்களா?"

சுகந்தி வந்தார். மீட்டரைப் பார்க்கவில்லை. ரிமோட்டை எடுத்து ஏசியை நிறுத்தினார்.

சென்னியப்பன் பதறிவிட்டார். தகரக் கூரைக்கு அடியில் இருந்த அறை, சித்திரை மாத மதியம். அங்கே ஏசி நின்று யாரும் பார்த்ததில்லை. அது ஓடுகிறது என்பதே எல்லாருக்கும் மறந்து போயிருந்தது.

"வெந்துபோயிருவோமுங்க மேடம்!"

"ஜெசிந்தாக்கா பதிவு பண்றப்ப ஃபேன்கூடப் போட மாட்டாங்கண்ணா."

மீட்டரில் எண் மளமளவென்று இறங்கியது. அப்போதுதான் கேட்டது. காதோரம் கொசு வந்த மாதிரி மெல்லிய கீச்சு. பவர் சப்ளையிலிருந்துதான்.

சென்னியப்பனின் முகம் தொங்கிப்போயிற்று.

"காலையில இருந்தே கத்திட்டு இருந்திருக்குதுங்களே."

"ஆமாங்ணா."

"இதைப் போய்ச் சத்தமே இல்லைன்னு எழுதப் பாத்தனே. அந்தப் பிள்ளைங்க என்னைய என்ன நினைச்சிருக்கும்?"

சுகந்தி ரிமோட்டைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சென்னியப்பன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ஜன்னல் இடுக்குகளில் துணியை அடைத்தார். அலமாரியிலிருந்து வேறொரு கம்பெனியின் பவர் சப்ளையை எடுத்து மாட்டினார். லோடை ஏற்றியதும் அதுவும் கத்தியது. தூக்கி ஓரமாக வைத்தார். அடுத்ததில் கீச்சு இல்லை, ஆனால் சூடேறியதும் ஃபேன் உறுமியது. அதையும் ஓரங்கட்டினார். இன்னொன்றை மாட்டி, பக்கத்திலேயே காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். லோடை ஏற்றினார், இறக்கினார், மறுபடி ஏற்றினார். பனியன் உடம்போடு ஒட்டிக்கொண்டது. தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

வெயில் தாழ்ந்த பிறகு சுகந்தி வந்து கதவைத் திறந்தார்.

"என்னாச்சுங்ணா?"

"ஒண்ணும் கேக்கலீங்க மேடம்."

குரலில் முன்பிருந்த துள்ளல் இல்லை. பேனா கையில்தான் இருந்தது, தாள் வெறுமையாகக் கிடந்தது.

"எழுத வேண்டியதுதானுங்ணா?"

"முன்னயும் இதையேதானுங்க சொன்னேன், ஒண்ணும் கேக்கலைன்னு. இப்ப மட்டும் எப்படிங்க நம்பறது? கை வர மாட்டேங்குது."

சுகந்தி அவர் எதிரில் உட்கார்ந்தார்.

"இத்தனை நேரம் உக்காந்திருந்தீங்களே, வேற என்னங்ணா கேட்டுது?"

"வேறயா?" சென்னியப்பன் யோசித்தார். "என் மூச்சு கேட்டுதுங்க. வேர்வை மேஜை மேல சொட்டுறது கேட்டுது."

"அப்பத் தைரியமா எழுதுங்க, ஒண்ணும் கேக்கலைன்னு."